எமிலியின் கிழங்குக் கொடி முன்னால்

ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஓவியர் எமிலி காமே குங்வாரேயை நான் நேரில் பார்த்ததில்லை. அவர் 1996லேயே காலமாகிவிட்டார். ஆனாலும் கிழங்குக் கொடியை வைத்து அவர் வரைந்த 'பிக் யாம் ட்ரீமிங்' ஓவியத்தின் முன்னால் நின்றதை ஒரு சந்திப்பாகத்தான் நினைக்கிறேன், அதனால் இங்கே எழுதுகிறேன்.

மெல்பர்ன் ஃபெடரேஷன் ஸ்கொயரில் இருக்கும் விக்டோரியா தேசியக் கலைக்கூடத்துக்கு, ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். 8 மீட்டர் நீளம், 3 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரம், கறுப்புப் பரப்பு முழுக்க வெள்ளைக் கோடுகள், வேறு நிறமே கிடையாது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இதுல எது மேல்பக்கம்?" என்று கேட்டார். சரியான கேள்வி. கேன்வாஸைத் தரையில் விரித்து, அதன் மேலும் ஓரத்திலுமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து 1995இல் எமிலி வரைந்தது அது. முன்னால் குறித்துக்கொள்ளவில்லை, போட்ட கோட்டைத் திருத்தவில்லை, இரண்டே நாளில் முடித்துவிட்டார். அப்போது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தால், கெட்டி வெள்ளையாகக் கிளம்பும் கோடு போகப் போக மெலிந்து, பெயின்ட் தீரும் இடத்தில் இன்னொரு கோடு அதன்மேல் ஏறிக்கொள்கிறது.

இதை அருவ ஓவியம், அதாவது எந்தப் பொருளின் உருவத்தையும் காட்டாத ஓவியம் என்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எமிலி அன்மாட்டியர் பூர்வகுடிப் பெண். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடகிழக்கே, யுடோபியா வட்டாரத்தில் இருக்கும் அல்ஹல்கெர அவருடைய மண். அங்கே விளையும் இந்தக் கிழங்குக் கொடி, நம் உளுந்தும் பச்சைப்பயறும் சேர்ந்த அதே விக்னா பேரினம். மண்ணுக்கடியில் கிழங்கு பருக்கும்போது மேலே தரை வெடிக்கும், அந்த வெடிப்பை வைத்துத்தான் பெண்கள் இடம் கண்டுபிடித்துத் தோண்டுவார்கள். எமிலியின் பெயரில் இருக்கும் காமே அந்தக் கொடியின் விதை. அவெல்யே என்னும் பெண்கள் சடங்கில் மார்பிலும் தோளிலும் கோடு இட்டுப் பழகிய கை அவருடையது. என்ன வரைகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு, கிழங்கு, முள் பல்லி, புல் விதை, ஈமு என்று அடுக்கி, "எல்லாம்தான்" என்றார். இவ்வளவும் தெரிந்த பிறகு எனக்கு அந்தக் கோடுகள் வேராகவும் வெடிப்பாகவும்தான் தெரிகின்றன.

அவர் முதலில் செய்தது பாத்திக், அதாவது துணியில் மெழுகால் வரைந்து சாயம் ஏற்றும் கலை, 1970களின் பிற்பகுதியில். நெருப்பு மூட்டி, சோப்புத் தூள் போட்டு, துணியைத் திரும்பத் திரும்ப வேக வைத்து அலுத்துவிட்டது, கண்ணும் மங்கிவிட்டது, கேன்வாஸ்தான் சுலபம் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1988-89 கோடையில், கேன்வாஸில் வரையும் அக்ரிலிக் பெயின்ட் கைக்கு வந்தது. மிச்சமிருந்த எட்டு வருடத்தில் சுமார் 3000 ஓவியங்கள்!

அப்புறம் அந்தப் பணக் கதை. படம் கேட்டு வியாபாரிகள் மொய்த்தார்கள், அவர் வருமானத்தை நம்பி உறவுக்கூட்டமே இருந்தது. 1994இல் வரைந்த 'எர்த்ஸ் கிரியேஷன்' 2007 ஏலத்தில் பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது, 2017இல் 21 லட்சம். எமிலி என்றாலே இந்தத் தொகைதான் முதலில் பேச்சில் வருகிறது, எனக்கு அது உண்மையிலேயே வருத்தம்.

2025இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் அவருடைய பெரிய கண்காட்சி தொடங்கியது. அங்கே போனவர்கள் இருந்தால் எழுதுங்கள், முக்கியமாக பாத்திக் துணிகளை நேரில் பார்த்தவர்கள்.