ரெப்ரெசிலேட்டர் மாதிரியில் அலைவு ஏன் அடங்கிவிடுகிறது?

கேள்வி

வணக்கம். 2000-இல் மைக்கேல் எலோவிட்ஸும் ஸ்டானிஸ்லாஸ் லைப்லரும் ஈ. கோலை பாக்டீரியாவில் அமைத்த ரெப்ரெசிலேட்டரை, அதாவது மூன்று மரபணுக்கள் வளையமாக ஒன்றையொன்று தடுத்துப் புரத அளவுகளை ஏற்றி இறக்கும் செயற்கைச் சுற்றை, ஆறு வகைக்கெழுச் சமன்பாடுகளாக எழுதிக் கணித்து வருகிறேன். அதன் மூன்று தடைப்புரதங்களில் லாக்ஐ டெட்ஆரின் உற்பத்தியையும், டெட்ஆர் சிஐ-யையும், சிஐ மறுபடி லாக்ஐ-யையும் தடுக்கின்றன. தடை எவ்வளவு கூர்மையாகச் செயல்படுகிறது என்பதைக் குறிக்கும் ஹில் எண் 2. மரபணுவின் நகலான எம்ஆர்என்ஏவின் அரை ஆயுள் 2 நிமிடம். புரதம் செல் பிரிவதால் மட்டுமே நீர்த்துக் குறைகிறது என்று கொண்டு அதன் அரை ஆயுளை 60 நிமிடமாக வைத்தேன். மரபணுவை இயக்கும் டிஎன்ஏ பகுதியான ஊக்கியின் வலிமை 200, முழுத் தடையிலும் நடக்கும் உற்பத்தியான கசிவு அதில் அரை சதவீதம். மூன்று புரதங்களும் சில முறை ஏறி இறங்கிப் பின் ஒரே அளவில் நின்றுவிடுகின்றன. சமன்பாட்டில் பிழை இருக்கிறதா?

பதில் 1

சமன்பாட்டில் பிழையில்லை, அரை ஆயுள்களின் விகிதத்தைப் பாருங்கள். சமநிலைப் புள்ளியில் தடைப்புரதம் ஒரு சதவீதம் கூடினால் அடுத்த மரபணுவின் உற்பத்தி எத்தனை சதவீதம் குறைகிறது என்பதே அந்தக் கண்ணியின் உணர்திறன். எம்ஆர்என்ஏவும் புரதமும் ஒரே வேகத்தில் அழிந்தால் உணர்திறன் 1.33-ஐத் தாண்டினாலே வளையம் அலையும். புரதம் மிக மெதுவாக அழிந்தால் அந்த வரம்பு 2-ஐ நெருங்கும். உங்கள் 2, 60 நிமிடங்களுக்கு வரம்பு ஏறத்தாழ 1.84, ஆனால் அரை சதவீதக் கசிவோடு கிடைக்கும் உணர்திறன் 1.63 மட்டுமே. எலோவிட்ஸும் லைப்லரும் தடைப்புரதங்களின் வாலில் எஸ்எஸ்ஆர்ஏ என்னும் அழிப்புக் குறியைச் சேர்த்தது இதற்காகத்தான். அவர்கள் மாதிரியில் புரதத்தின் அரை ஆயுள் 10 நிமிடம். வலிமையை 200 ஆகவே வைத்து அதைப் போட்டால் வரம்பு 1.52-க்கு இறங்கும், அலைவு நிலைக்கும். ஹில் எண்ணை 4 ஆக்கியும் அலைய வைக்கலாம் என்றாலும், அந்தப் புரதம் டிஎன்ஏவில் உண்மையிலேயே அவ்வளவு கூட்டாகப் பிணைகிறதா என்று தெரியாமல் அப்படிச் செய்வதை நான் ஏற்கமாட்டேன்.

பதில் 2

மேலே சொன்னது சரி. ஆயினும் அழிப்புக் குறி இல்லாமல் அலைவே வராது என்று எண்ணிவிட வேண்டாம். 2016-இல் ஹார்வர்டில் யோஹான் பால்சனின் குழுவினர் அந்தக் குறியை நீக்கிவிட்டு, டெட்ஆர் பிணையும் இடங்களைக் கூடுதலாகக் கொண்ட ஒரு பிளாஸ்மிடையும் (சிறு வட்ட டிஎன்ஏ) செலுத்தினார்கள். சுமார் 14 தலைமுறைக்கு ஒருமுறை என மிகச் சீரான அலைவு கிடைத்தது. டெட்ஆர் மூலக்கூறுகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தபின்தான் தடை விலகும் என்றிருந்தால், ஒவ்வொரு செல்லும் ஒவ்வொரு நேரத்தில் விடுபடும். கூடுதல் பிணைப்பிடங்கள் டெட்ஆரைப் பிடித்துவைத்து அந்த வாசலை உயர்த்திச் சிதறலைக் குறைத்தன. முதல் சோதனையில் ஏறத்தாழ 40 சதவீதச் செல்களில்தான் அலைவு தெரிந்தது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். இந்தச் சிதறலை வகைக்கெழுச் சமன்பாடு காட்டாது. கில்லெஸ்பியின் தற்செயல் முறையில் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ணினால் காணலாம்.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 10 நிமிடம் போட்டவுடன் அலைவு அடங்காமல் தொடர்கிறது. கசிவை ஒரு சதவீதமாக்கியதும் மறுபடி அடங்கிவிட்டது. கசிவு இத்தனை முக்கியம் என்று நான் நினைத்திருக்கவில்லை. இனி கில்லெஸ்பி முறையில் நூறு செல்களை ஓட்டி, எத்தனை சுழற்சிக்குள் அவை ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன என்று பார்க்கப் போகிறேன்.