மறு: கிளைடிங் டிஸ்டன்ஸ் – ‘சறுக்குதொலைவு’ சரிதானா?

> பறக்கும் அணில் பறப்பதில்லை. உயரத்திலிருந்து சறுக்கி இறங்குகிறது. ஆகவே சறுக்கணில், சறுக்குதொலைவு.

வணக்கம் ஐயா. பொருள் சரி, சொல்தான் உறுத்துகிறது. மதுரைப் பக்கம் சறுக்கு என்றால் பள்ளிக்கூடத்துச் சறுக்குமரம். இல்லையென்றால் யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கணில் என்றால் கொப்பிலிருந்து தவறி விழுந்த அணில் என்றுதான் காதில் படும்.

மேகமலையில் ஒரு ராத்திரி பார்த்திருக்கிறேன். டார்ச் வெளிச்சத்தில் கண் இரண்டும் கங்கு. பலாமரத்து உச்சிக்கு ஏறி எம்பியது. மணிக்கட்டிலிருந்து கணுக்கால் வரை மடிந்து கிடந்த தோல், பாயை உதறிப் போட்டதுபோல விரிந்தது. எதிர்மரத்தின் அடிப்பக்கம் போய் ஒட்டி, மறுபடி விறுவிறுவென மேலே ஏறியது. இதில் சறுக்கல் எங்கே? ‘பாய்’ என்ற சொல்லில் தாவலும் இருக்கிறது, விரிப்பும் இருக்கிறது, கப்பல் பாயும் இருக்கிறது. தோலுக்குப் பாய்த்தோல், தூரத்துக்குப் பாய்தொலைவு என்று வைக்கலாமே.

மரத்தலைகளுக்கு நடுவே உள்ள வெளியை, அதாவது ‘விதான இடைவெளி’யை மட்டும் அளந்தால் போதாது. நம்ம மூன்றுகோட்டு அணிலுக்குக் கொப்போடு கொப்பு உரசினால் சரி. பறக்கும் அணிலுக்கு உயரம்தான் முக்கியம். ஒரு மீட்டர் இறங்கினால் சுமார் இரண்டு மீட்டர் முன்னே போகும் என்று வையுங்கள். 20 மீட்டர் மரத்தில் கிளம்பி, எதிரே 5 மீட்டரில் ஒட்டினால் 30 மீட்டர் தாண்டலாம். அதே மரத்தைக் கரண்டு கம்பிக்காக 10 மீட்டரில் மொட்டையடித்தால் 10 மீட்டர்தான். ரோடு அகலமாகவில்லை, ஒரு மரமும் சாயவில்லை. வழி மட்டும் அறுந்துவிட்டது. வேறு இடத்தில் பட்டமரத்தை வெட்டிவிட்டு, கேட்டால் ‘அதைத் தவிர எதையும் வெட்டவில்லையே’ என்பார்கள். பல நேரம் பொந்து இருப்பதே பட்டமரத்தில்தான்!

இது காட்டுக்கு மட்டுமான கவலை இல்லை. பின்லாந்தின் எஸ்போ நகரத்துக்குள்ளேயே சைபீரியப் பறக்கும் அணில் குடியிருக்கிறது. மரத்தடியில் மஞ்சள் புழுக்கை கிடக்கிறதா என்று பார்த்துத்தான் அதன் இருப்பிடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்.

---

தம்பி, பாய்த்தோலை எடுத்துக்கொள்கிறேன். பாய்தொலைவில்தான் இடிக்கிறது: புலி பாய்ந்தாலும், தவளை பாய்ந்தாலும் அது பாய்தொலைவுதானே? தொலைவு என்பது கடந்த தூரம். நீங்கள் சொல்வதோ அந்த மரத்திலிருந்து எவ்வளவு எட்டும் என்பது. கவணுக்கும் வலைக்கும் நாம் சொல்கிற ‘வீச்சு’ அதற்குப் பொருந்தும். ‘மொட்டையடித்தபின் மரத்தின் பாய்வீச்சு 10 மீட்டர்’ என்று எழுதிப் பாருங்கள், இயல்பாக இருக்கிறது.

நான் சொன்ன சறுக்கணிலையும் விட்டுவிடுகிறேன்; பறக்கும் அணில் என்ற பெயரைத் தொட வேண்டாம். பறக்கவில்லைதான், அதற்காக ஊர் வைத்த பெயரை மாற்றிக்கொண்டா இருப்பது?