மறு: ‘பாலிசி பிரீஃப்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

‘பாலிசி பிரீஃப்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துவருகிறேன். ‘கொள்கைச் சுருக்கம்’ என்றே வைத்துக்கொண்டு முடித்துவிடலாம் என்று நேற்று குழுவின் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். அவசரப்பட்டு முடித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

நான் இருப்பது பாம்பனில். ஆய்வாளர்கள் ஆங்கிலத்தில் எழுதும் தாள்களைத் தமிழாக்கி, மண்டபம் தொடங்கி வாலிநோக்கம் வரை கடற்கரை ஊர்களில் வாசித்துக் காட்டுகிறேன். ஊரார் சொல்வதை எழுதிக் கூட்டங்களுக்குக் கொண்டுபோவதும் உண்டு. வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்தச் சொல் இல்லாமல் கூட்டத்தின் நடுவில் தடுமாறுகிறேன்.

பொருளை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஓர் ஆய்வு நிலையம் இரண்டு மூன்று வருஷம் ஒரு விஷயத்தைப் பார்க்கிறது. இருநூறு பக்க அறிக்கை வருகிறது. துறைச் செயலரோ, மாவட்ட ஆட்சியரோ, ஊராட்சித் தலைவரோ, தனி அலுவலரோ அதை உட்கார்ந்து படிக்க முடியாது. அதனால் நாலு பக்கத்தில் எழுதுகிறார்கள்: சிக்கல் இது, நாங்கள் பார்த்தது இது, இனி எடுக்கக்கூடிய வழிகள் இவை, ஒவ்வொன்றாலும் யாருக்கு என்ன லாபம், யாருக்கு என்ன நஷ்டம், எங்கள் கருத்தில் எது மேல். அந்த நாலு பக்கத்துக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

> ‘கொள்கைச் சுருக்கம்’ ஏற்கெனவே சில இடங்களில் வந்துவிட்டது. புதிதாக எதற்கு?

‘கொள்கை’ என்ற சொல் நம் ஊரில் சும்மா இல்லை. எழுபது எண்பது வருஷமாகக் கட்சிகள் அதைப் புழங்கிவிட்டன. ஒரு மீன் ஏலக் கூடத்தில் ‘கொள்கை ஆய்வு’ என்று நான் பேச்சைத் தொடங்கியதும் பெரியவர் ஒருவர், “எந்தக் கட்சிக்காரவுக?” என்று கேட்டார். அவர் கேலிக்குக் கேட்கவில்லை. அவருக்கு அந்தச் சொல்லின் பொருள் அதுதான். சரி என்று ‘பாலிசி’ என்றே சொன்னேன். படகுக்கு இன்ஷூரன்ஸ் போட வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

‘சுருக்கம்’ அதைவிடப் பெரிய தவறு. எதன் சுருக்கம்? கொள்கையின் சுருக்கம் என்றுதான் யாரும் பொருள் கொள்வார்கள். ஆனால் இந்தத் தாள் எழுதப்படும்போது கொள்கை என்று ஒன்று பிறந்திருக்கவே இல்லை. பிறக்காத பிள்ளைக்கு ஜாதகம் எழுத முடியாது.

> ‘கொள்கைக் குறிப்பு’ எளிமையாக இருக்கிறதே?

எளிமைதான். ஆனால் அந்த இருக்கையில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிறது. சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் ‘கொள்கை விளக்கக் குறிப்பு’ வைக்கிறது. அது அரசு தன்னைப் பற்றிச் சொல்வது: இந்த வருஷம் என்ன செய்தோம், அடுத்து என்ன செய்யப்போகிறோம். நாம் பேசுவது வெளியிலிருந்து அரசுக்குப் போவது. எதிரெதிர்த் திசையில் போகும் இரண்டு தாளுக்கு ஏறக்குறைய ஒரே பெயர் வைத்தால், கோப்பு பார்க்கும் உதவியாளர் முதல் நாளே குழம்பிப்போவார்.

‘பரிந்துரைக் குறிப்பு’ சிபாரிசுக் கடிதம் போல ஒலிக்கிறது, வேண்டாம். ‘சூழ்ச்சிக் குறிப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பழந்தமிழில் சூழ்ச்சி என்றால் கலந்தாய்வுதான், அழகான சொல். இன்றைக்கு அதை எழுதி மேலே அனுப்பினால் யாரோ சதி செய்வதாகத்தான் படிப்பார்கள். ‘ஆய்வோலை’ எனக்குப் பிடித்திருக்கிறது. பனைமரம் நிறைந்த மாவட்டத்துக்காரிக்கு ஓலை என்றால் பிடிக்காமல் இருக்காது. ஆனாலும் கல்யாண ஓலை மாதிரி விழாத் தோரணை அதில் ஒட்டியிருக்கிறது.

‘சான்றுக் குறிப்பு’ பற்றியும் சொல்லியாக வேண்டும். எவிடன்ஸ் என்பதற்குச் ‘சான்று’ என்பதை நாம் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறோம். கடற்கரை ஊரில் ‘சான்று’ என்றால் வருமானச் சான்று, சாதிச் சான்று, வாரிசுச் சான்று. இ-சேவை மையத்தில் பணம் கட்டி வாங்குவது. ‘சான்றின் அடிப்படையில் முடிவெடுக்க வேண்டும்’ என்று ஒரு தடவை வாசித்தேன். முன்வரிசையில் இருந்த பெண் பையைத் திறந்து பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த காகிதங்களை எடுத்து நீட்டினார். அந்தக் கையைப் பார்த்த பிறகு ‘சான்று’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ‘பார்த்தறிந்தது’, ‘கண்டறிந்தது’ என்று விரித்தே எழுதுகிறேன்.

ஒரு சொல்லுக்காக இவ்வளவு மல்லுக்கட்டுவது எதற்கு என்றால், கப்பாபைகஸ் என்ற கடற்பாசியின் கதையைச் சொல்ல வேண்டும். ஆய்வு எப்படி அரசு முடிவாக மாறுகிறது என்பதற்கு எங்கள் கரையில் அதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

இது வெளிநாட்டுப் பாசி. மண்டபத்தில் உள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இதை வளர்க்கும் முறையை இங்கே கொண்டுவந்தது. மூங்கில் தெப்பத்தில் கயிறு கட்டி, துண்டு துண்டாகப் பாசியைக் கோத்துக் கடலில் விட்டால் 45 நாளில் அறுவடை. 2000-க்குப் பிறகு மகளிர் குழுக்கள் வழியாகப் பரவியது. மண்டபம், வேதாளைப் பக்கம் பல வீடுகளில் அடுப்பெரிய அதுவும் ஒரு காரணம். 2005-இல் தமிழ்நாடு அரசு ஓர் அரசாணை போட்டது: மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் பக்கம் வேண்டாம், பாக் விரிகுடாவின் வடக்கிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் வளர்க்கலாம் என்று. எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், தென்கடலான மன்னார் வளைகுடாவில் கூடாது, வடகடலான பாக் விரிகுடாவில் ஆகும். 2008-இல் குருசடைத் தீவுப் பவளப்பாறை மேல் அந்தப் பாசி படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பாசி போர்த்த பவளத்துக்கு வெளிச்சம் கிடைக்காது, மூச்சுமுட்டிச் சாகும். அவ்வளவு பரவவில்லை, கட்டுக்குள் வைக்கலாம் என்ற வாதமும் வந்தது. இன்னொரு பக்கம் 2020-இல் தொடங்கிய பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் கடற்பாசி வளர்ப்புக்குப் பெரிய இடம் கிடைத்தது. 2023 செப்டம்பரில் தொண்டி பக்கம் வளமாவூரில் 127 கோடி ரூபாய்க் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள்.

ஒரே பாசி. ஒரு தாள் வளர் என்கிறது, இன்னொரு தாள் தள்ளிவை என்கிறது. இரண்டும் நேர்மையான ஆய்வாகவே இருக்கலாம். ஆனால் தெப்பம் கட்டுகிறவர்களிடம் அந்த இரண்டு தாளில் எதைத் தமிழில் கொடுத்தார்கள்? அவர்களுக்கு வந்து சேர்ந்தது முடிவு மட்டும்தான்: ‘இங்கே கட்டாதே’, ‘அங்கே கட்டு’.

மீன்பிடித் தடைக்காலமும் அப்படித்தான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் விசைப்படகுகள் கரையில் நிற்கும். முன்னால் 45 நாள். 2017-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள். கூடுதலாக ஏன் 16 நாள் என்று தங்கச்சிமடத்தில் ஒருவர் கேட்டால், மீன் சினை வைக்கிற காலம் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். எந்த மீன், எந்தக் கடலில், எத்தனை வருஷம் பார்த்தார்கள் என்று அவர் அடுத்துக் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் இருக்கும் தாளுக்குப் பெயரே இல்லையென்றால் அவர் எதைக் கொடுங்கள் என்று கேட்பார்?

அரசாணைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேலே ‘படிக்கப்பட்டவை’ என்று ஒரு பட்டியல் இருக்கும். பெரும்பாலும் துறைத் தலைவரின் கடிதம், முந்தைய அரசாணை. அந்தக் கடிதத்துக்குப் பின்னால் எந்த ஆய்வு இருந்தது என்பது அங்கே அரிதாகத்தான் தெரியும். நாலு பக்கத் தாளுக்கு ஓர் உறுதியான தமிழ்ப் பெயர் இருந்தால் அந்தப் பட்டியலில் அதுவும் ஒரு வரியாக ஏறும். ஏறினால் கேட்டு வாங்கலாம்.

ஆய்வு முடிவு சாதாரண ஜனங்கள் வாய்க்கு வர முடியாதது ஒன்றும் இல்லை. பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தை மாநிலத் திட்டக் குழு ஆராய்ந்து, மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று சொன்னது. மேடைக்கு மேடை அந்த எண் ஒலித்தது. மீன் கூடையோடு பஸ் ஏறுகிற அக்காமார், “எனக்கு அவ்வளவு வராது”, “எனக்கு அதுக்கும் மேல” என்று தங்கள் கணக்கை அதன் பக்கத்தில் வைத்துப் பேசிக் கேட்டிருக்கிறேன். ஆய்வு ஜனங்களிடம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் எனக்குத் தெரியாது.

இனி என் சொல். இது நான் கண்டுபிடித்தது அல்ல, பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தில் கிடைத்தது.

பாசி எடுத்துவிட்டுக் கரையேறிய பெண்கள் மணலில் மரிக்கொழுந்துப் பாசியை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். பாறை கீறாமல் இருக்க விரல் ஒவ்வொன்றிலும் துணி சுற்றியிருப்பார்கள். ஈரத்தில் இறுகிய அந்தத் துணியைப் பல்லால் இழுத்து அவிழ்த்தபடியே நான் வாசித்ததைக் கேட்டார்கள். தீவுப் பக்கம் பாசி எடுப்பது பற்றிய நாலு பக்கம். முடிந்ததும் மூத்தவர் ஒருவர், “ஏம்மா, இது மனுவா?” என்றார். நான் பதில் தேடுவதற்குள் பக்கத்தில் இருந்தவர் சொன்னார்: “மனுன்னா நாம கேக்குறது. இது எடுத்துச் சொல்றது.”

திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்துப் பழகியவர்கள் அவர்கள். மனுவுக்கும் இந்தத் தாளுக்கும் உள்ள வித்தியாசத்தை அதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் படித்ததில்லை. அங்கிருந்துதான் ‘எடுத்துரை’ வந்தது. பெரிய ஆய்விலிருந்து வேண்டியதை எடுத்து, முடிவு செய்கிறவர் முன் உரைப்பது. இரண்டு செயலும் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. முதல் தடவை ‘ஆய்வு எடுத்துரை’ என்று முழுதாக எழுதலாம், பிறகு ‘எடுத்துரை’ போதும்.

> எடுத்துரை என்பது ஏவல் வினை. தேர்வுத் தாளில் ‘எடுத்துரைக்க’ என்று கேட்பது போல இருக்கிறது. பெயராக நிற்குமா?

நிற்கும். ரிமைண்டருக்கு நம் அலுவலகங்கள் என்ன எழுதுகின்றன? ‘நினைவூட்டு’. அதுவும் வினையடிதான். ‘முதல் நினைவூட்டு அனுப்பப்பட்டது’ என்று தினமும் எழுதுகிறோம், ஒருவருக்கும் உறுத்தவில்லை. நினைவூட்டு நின்ற இடத்தில் எடுத்துரையும் நிற்கும். தவிர, ‘உரை’ தனியாகவே பெயர்ச்சொல்.

> இலக்கியத் திறனாய்வில் ‘எடுத்துரைப்பு’ என்பது கதைசொல்லும் முறையைக் குறிக்கிறதே?

இது கனமான மறுப்பு, ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அங்கே ‘எடுத்துரைப்பு’, ‘எடுத்துரைப்பியல்’ என்று ‘பு’ சேர்ந்துதான் வருகிறது. நாம் ‘பு’ சேர்க்காமல் நிறுத்திக்கொள்வோம். நாவலைப் பற்றிய கட்டுரையும் மீன்வளத் துறைக் கோப்பும் ஒரே மேசைக்கு வருவது அபூர்வம், குழப்பம் சமாளிக்கக்கூடியதுதான். ஆனாலும் கல்லூரியில் இரண்டையும் கற்பிப்பவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறார்கள். அவர்கள் வேண்டாம் என்றால் நான் மறுபடி யோசிக்கத் தயார்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சொல் எதுவானாலும், கிராம சபையில் எழுந்து நின்று ஒரு பெண் தயங்காமல் உச்சரிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். “இந்தத் தீர்மானத்துக்கு எடுத்துரை எங்கே?” என்று அவர் கேட்க முடிய வேண்டும். “கொள்கைச் சுருக்கம் எங்கே?” என்று எந்த ஊரிலும் யாரும் கேட்கமாட்டார்கள்.

கேட்பதோடு நிற்கவும் கூடாது. சின்னப்பாலத்தைப் போன்ற ஊர்களில் பாசி எடுக்கும் பெண்கள் தங்களுக்குள்ளேயே பேசி ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது. பாசி பெருகும் பருவத்தில் 45 நாள் தொடாமல் விடுவது. பல வருஷம் கடலைப் பார்த்துப் பார்த்து வந்த கணக்கு இது. இதை எந்த ஆய்வாளரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆனால் தீவுகளைச் சுற்றி யார் போகலாம், எப்போது போகலாம் என்ற பேச்சு எழும்போது மேசைக்கு வருகிற தாள்களில் இந்தக் கணக்கு இருப்பதில்லை. சில வருஷம் முன்னால் வெளியூர் ஆய்வுக் குழு ஒன்று இங்கே வந்து ஆறு மாதம் வீடு வீடாகக் கேள்வி கேட்டது. நானும் கூடவே போனேன். எழுதிய தாளைத் திரும்பக் காட்டுவதாகச் சொல்லிப் போனவர்கள் வரவே இல்லை. “நாங்க சொன்னதை என்னன்னு எழுதினாக?” என்று ஊரார் என்னிடம் இப்போதும் கேட்கிறார்கள், என்னிடம் பதில் இல்லை. அதனால் எடுத்துரை என்பதன் விளக்கத்தில் இந்த வரியும் சேர வேண்டும் என்று கேட்கிறேன்: ‘ஆய்வில் பதில் சொன்னவர்களுக்கும் அவர்கள் மொழியில் வாசித்துக் காட்டப்படுவது’. இது அகராதிக்குரிய விளக்கம் அல்ல என்று சிலர் சொல்லலாம். எழுதி வைத்தால்தான் நடக்கும் என்பது என் அனுபவம்.

மே 1 கிராம சபைக்காக மூன்று ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்து ஒரு நாலு பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறோம். பாசி எடுக்கும் நாள்கள் பற்றியது. மேலே ‘எடுத்துரை’ என்று போட்டிருக்கிறேன். அச்சுக்குக் கொடுக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. மாற்றுச் சொல் இருந்தால் அதற்குள் எழுதுங்கள். நான் அதையும் சின்னப்பாலத்தில் சொல்லிப் பார்த்துவிட்டு, யார் என்ன சொன்னார்கள் என்று இங்கே தெரிவிக்கிறேன்.

அன்புடன்,
பாம்பனிலிருந்து