மறுமொழி: அமிலமூல ஊசலா, பிஎச் அலைவா?

அனைவருக்கும் வணக்கம்.

ஹட்டன் உயர்தர வகுப்புக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பிஎச் மாறி மாறி ஏறி இறங்கும் இரசாயனத் தாக்கத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் தலைப்புதான் இன்னும் முடிவாகவில்லை. (பிஎச் என்பது கரைசலின் அமிலத்தன்மையைக் காட்டும் அளவு. 7க்குக் கீழே அமிலம், மேலே மூலம், அதாவது காரம்.)

கண்டி ஐயா சொன்ன 'அமிலமூல ஊசல்' காதுக்கு இனிமை. சிலப்பதிகாரத்து ஊசல்வரி முதல் திருப்பொன்னூசல் வரை அவர் எழுதியதை ரசித்துப் படித்தேன். ஆனாலும் அது இங்கே பொருந்தாது. ஊசல் ஒவ்வொரு தடவையும் தன் சமநிலைப் புள்ளியைக் கடந்துதான் மறுபக்கம் போகும். இரசாயனத் தாக்கம் சமநிலையைத் தாண்டிப் போய்த் திரும்பி வராது. சமநிலைக்கு வெகு தொலைவில் இருக்கும்வரைதான் அலையும். அதனால்தான் கலனுக்குள் புதுக் கரைசல் ஓயாமல் பாய, பழையது வெளியேறிக்கொண்டே இருக்க வேண்டும்.

'அமிலமூல' என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. 1980களில் இரசாயனவியலாளர்கள் எப்ஸ்டீன், ஓர்பான் குழுவினர் ஆராய்ந்த, புரோமேற்று, சல்பைற்று, பெரோசயனைட்டு என்ற மூன்று உப்புகளின் தாக்கத்தைப் பாருங்கள். சல்பைற்று ஒட்சியேறும்போது (ஆக்சிஜனேற்றம் அடையும்போது) அமிலத்தன்மை தரும் ஐதரசன் அயன் உண்டாகிறது. அந்த அயனே தாக்கத்தை மேலும் விரைவாக்க, பிஎச் சட்டென்று விழுகிறது. பெரோசயனைட்டின் ஒட்சியேற்றம் அயனை மெதுவாகச் செலவழிக்கிறது. புதிதாக வரும் சல்பைற்றும் சேர்ந்துகொள்ள பிஎச் ஏறுகிறது. இந்த ஏற்ற இறக்கம் 7ஐத் தாண்டி மூலப் பக்கம் போயே ஆகவேண்டும் என்றில்லை. பெயரை நம்பிப் பிள்ளைகள் பாசிச்சாயத்தாள் (லிட்மஸ் தாள்) மூலத்தில் நீலமாகும் என்று காத்திருப்பார்கள்.

'தாக்கம்' என்பதற்குப் பதிலாகச் சென்னை நண்பர் கேட்ட 'வினை'யும் வேண்டாம். இங்கே இலங்கைப் பாடநூலில் 'தாக்கம்'தான். வினை என்றால் பிள்ளைகளுக்கு இலக்கணப் பாடம். 'பிஎச் அலைவுத் தாக்கம்' என்று வைப்போம்.

ஹட்டனிலிருந்து

*

தம்பி,

சமநிலை விளக்கத்தை ஏற்கிறேன், ஊசலை விட்டுவிடுகிறேன். ஆனால் 'பிஎச்' தமிழாகாது. 'காடி' என்ற பழஞ்சொல் புளித்த நீரைக் குறிக்கும். 'காடியலைவு' என்றால் என்ன குறை? அது கடினம் என்றால் 'அமில அலைவு'. தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய பிறகு மண்ணின் அமிலத்தைக் குறைக்க டொலமைற்றுச் சுண்ணாம்பு போடும் தோட்டத்து மக்களுக்கு அமிலம் கூடுவதும் குறைவதும் புதிதல்லவே.

கண்டியிலிருந்து

*

ஐயா,

அந்தத் தோட்டங்களிலேயே மண்ணைச் சோதித்துவிட்டுப் 'பிஎச் எவ்வளவு?' என்றுதான் கேட்கிறார்கள். காடி என்றால் அகராதி தேட வேண்டும். பரீட்சைத் தாளிலும் பிஎச்தான் வருகிறது. நான் தம்பி பக்கம். நுவரெலியா ஆசிரியர்கள் இருவரும் அப்படியே.

பண்டாரவளையிலிருந்து

*

சரி, அச்சடியுங்கள். அடைப்புக்குறிக்குள்ளாவது 'அமில அலைவு' இருக்கட்டும். அடுத்த பதிப்புக்கு மறுபடி எழுதுவேன்.

கண்டியிலிருந்து