அப்புச்சிக்கு எந்தக் கத்தி? (தோட்டத்து ஒறம்பற குழு)

கார்த்தி: எல்லாத்துக்கும் வணக்கமுங். நாளைக்கு ராத்திரி பிளைட்டு. அப்புச்சி கத்தி வாய்க்கால்ல விழுந்துருச்சுன்னு அம்மா சொல்லுச்சு. இங்க பெஞ்ச்மேட் பக்அவுட்னு ஒரு மடக்குக்கத்தி பாத்து வெச்சிருக்கேன். தோட்டத்துக்கு ஆவுங்களா? இன்னைக்கே சொல்லோணும்

பெரியம்மா: சாப்டியா கண்ணு

கவிதாக்கா: எவ்ளோ

கார்த்தி: 180 டாலர் வாக்குல வரும்க்கா

கவிதாக்கா: 15 ஆயிரத்துக்கு மேலயா!! வெள்ளாடே வாங்கலாம்

பிரபு: தொலைஞ்சது அந்தியூர் குருநாதசாமி பண்டிகைல 150 ரூவாய்க்கு வாங்குனது

செந்தில் மாமா: கார்த்தி அவசரப்படாத. சாமான் நல்ல சாமான்தான், 52 கிராம், பையில கெடக்கறதே தெரியாது, அலகு 8 சென்டிமீட்டர் சொச்சம், சொட்டுநீர்க் குழாய் அறுக்க, உரமூட்டை பிரிக்க, வாழைக்குக் கயிறு வெட்ட போதும். ஆனா எங்கப்பன் அதோட உடுவாரா, எளநி சீவுவாரு, வேலிமுள்ளு வெட்டுவாரு, எறங்கலைனா கல்லெடுத்து கத்தி முதுகுல ரெண்டு போடுவாரு. மடக்குக்கத்திக்கு உசுரே கீலுலதான், ரெண்டு போட்டா லொடலொடன்னு ஆயிரும். அந்த வேலைக்கு புடிக்குள்ள கடைசி வரைக்கும் இரும்பு போற மடங்காத கத்திதான். அப்பறம் பக்அவுட்டு அலகு எஸ்30விங்கற இரும்பு, 2001ல வந்தது, வனேடியம்ங்கற உலோகம் 4 சதம் கலந்தது, லேசுல மழுங்காது, மழுங்குச்சுன்னா தொவைக்கற கல்லுல தேச்சா ஏறாது, வைரத்தூள் பட்டை வேணும்

பிரபு: மாமா யூடியூப்பையே முடிச்சுட்டாரு

பெரியம்மா: எளநி சீவ கொடுவா இருந்துச்சு. அது இப்ப யாரு ஊட்ல இருக்குதுன்னு எல்லாத்துக்கும் தெரியும்

செந்தில் மாமா: அக்கா, பாகம் பிரிச்சன்னிக்கு துருப்புடிச்சது எனக்கெதுக்குன்னு தள்ளி வெச்சது நீங்கதான்

கவிதாக்கா: ஆரம்பிச்சாச்சு 🙏

கவிதாக்கா: கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்கு யாரு போறது?

பிரபு: என்ர வண்டி சர்வீஸ்ல

கார்த்தி: மாமா அப்ப ஒப்பினல் 8ஆம் நெம்பர்? மரப்புடி, வெலையும் கம்மிதானுங்

செந்தில் மாமா: அது 1890ல இருந்து வர்ற பிரெஞ்சுக்காரங்க கத்தி, 1955ல அலகு மடங்காம நிக்க பூட்டு வளையம் வெச்சாங்க. கார்பன் அலகுன்னா நம்ம கல்லுலயே கூரு ஏறும், ஆனா ஈரத்தோட போட்டா துருப்புடிக்கும், மரம் ஊறுச்சுன்னா தொறக்கவே வராது. ரெண்டு கையும் வேணும் பாத்துக்க. அப்பனுக்கு எடது கை நடுக்கம். பக்அவுட்டு ஒத்தைக் கையில கட்டைவெரல்லயே தொறக்கும்

கவிதாக்கா: எதைத்தான் வாங்கச் சொல்றீங்

பெரியம்மா: எதுனாலும் கைல குடுக்காத சாமி. கீழ வெச்சு எடுக்கச் சொல்லு. ஒறவு அந்து போயிரும்

பிரபு: அதுக்குக் கத்தி வேற வேணுமா பெரிம்மா 😂

பிரபு: அப்புச்சிகிட்ட போட்டோ காட்டுனேன். இதுல வெத்தலக் காம்புதான் கிள்ளலாம்ங்கறாரு

பிரபு: ஆனா போனைத் திருப்பித் தரவே இல்ல. மடக்குனா சட்டப்பையில நிக்குமான்னு ரெண்டு தடவ கேட்டுட்டாரு

கார்த்தி: அப்ப வாங்கிரட்டுங்களா?

பிரபு: அமுச்சி தலவலித் தைலம்தான் கேக்குது

செந்தில் மாமா: வாங்குனா கைப்பையில போட்ராத, புடுங்கிக்குவாங்க, பெரிய பெட்டில போடு. கீலுல மண்ணு போனா சோப்புத் தண்ணில கழுவி தையல்மிசின் எண்ணெ ஒரு சொட்டு உடோணும், தேங்காண்ண உட்டா பிசுபிசுன்னு ஆயிரும். எளநிக்கு நான் கொடுவா கொண்டாந்து தாரேன்

பெரியம்மா: இத்தன வருசம் கழிச்சு

கவிதாக்கா: ஏர்போர்ட்டு???

பெரியம்மா: சாப்டியான்னு கேட்டேன், அதுக்கு பதிலே காணோம்