பழைய ஸ்விஃப்டில் புது மாடல் செட் போட்ட பிறகு பேட்டரி இறங்குகிறது, உதவி தேவை

பாலக்கோடு_ஸ்விஃப்ட்:
வணக்கம். என் ஸ்விஃப்டுக்குப் புது மாடலில் வருகிற டச் ஸ்கிரீன் செட், ரூஃப் லைட், நடுவில் கை வைக்கிற ஆர்ம்ரெஸ்ட் மூன்றும் வாங்கிப் போட்டேன். பார்க்க அருமையாக இருக்கிறது. ஆனால் இரண்டு நாள் நிறுத்தினால் மூன்றாம் நாள் காலையில் சாவியைத் திருப்பும்போது ‘டக் டக்’ என்று சத்தம் மட்டும்தான். தள்ளித்தான் எடுக்கிறேன். வெள்ளிக்கிழமை அம்மாவைச் சேலத்துக்குக் கண் டாக்டரிடம் கூட்டிப் போகணும். தொப்பூர் கணவாயில் நின்றுவிட்டால் என்ன செய்வேன்? சீக்கிரம் சொல்லுங்கள்.

டேம்_ரோடு:
எந்த வருஷ வண்டி? பெட்ரோலா, டீசலா? பேட்டரி எப்போது மாற்றியது? 2005-லிருந்து ஸ்விஃப்ட் ஓடுகிறது. புது மாடல் என்றால் 2011-ல் வந்ததா, 2018-ல் வந்ததா, 2024-ல் வந்ததா? இதைச் சொல்லாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

மாங்காய்_மண்டி:
பேட்டரிதான், சந்தேகமே வேண்டாம். என் வண்டியிலும் இதே ‘டக் டக்’. புதுசு போட்டேன், அன்றோடு சரி. நாளைக்கே மாற்றிவிடுங்கள்.

ஓசூர்_ஷிஃப்ட்:
எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரையும் பாருங்கள் ப்ரோ. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டணும். 13-க்குக் கீழே என்றால் அங்கேதான் கோளாறு.

பழைய_டீசல்:
மாதத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறீர்கள். பழைய இழைகளைத் தேடிப் படிக்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. கம்பெனி ஒவ்வொரு வயரையும் கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறது. அடிப்படை தெரியாமல் கை வைத்தால் இப்படித்தான் ஆகும். முதலில் வண்டியின் மேனுவலைப் படியுங்கள், அப்புறம் பேசலாம்.

அரூர்_ஒயரிங்:
அவர் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போகணும் என்கிறார், பாடம் அப்புறம் நடத்தலாம். தம்பி, இரண்டு கேள்வி. செட்டை யார் மாட்டினார்கள்? சாவி இல்லாமலே செட் ஆன் ஆகிறதா?

பாலக்கோடு_ஸ்விஃப்ட்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 2009 பெட்ரோல், எல்எக்ஸ்ஐ. பேட்டரி போன பொங்கலுக்கு மாற்றியது, 35 ஏஹெச் (ஆம்பியர்-மணி). பொருளெல்லாம் பெங்களூர் சிவாஜி நகரில் வாங்கினேன். மாட்டியது இங்கே ஒரு ஆக்சஸரீஸ் கடையில். செட்டின் வயர்களைச் சேர்க்கிற கப்ளர் பொருந்தவில்லை என்று மாற்று கப்ளர் வைத்து வயர்களை முறுக்கிவிட்டார்கள். ஆமாம் அண்ணா, சாவி இல்லாமலே பாட்டு ஓடுகிறது. அதை வசதி என்றுதான் நினைத்தேன்.

டேம்_ரோடு:
சிவாஜி நகரா? சென்னை புதுப்பேட்டையில் இதைவிட நல்ல சரக்கு கிடைக்கும்.

மாங்காய்_மண்டி:
கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் 90 கிலோமீட்டர்தான். காலையில் போய் மத்தியானம் வீட்டில் சாப்பிடலாம். புதுப்பேட்டைக்குப் போனால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும்.

டேம்_ரோடு:
தூரமா முக்கியம்? ரூஃப் லைட்டில் ஒரு கொக்கி உடைந்திருந்தால் திருப்பிக் கொடுக்க மறுபடி போகணும். புதுப்பேட்டையில் நாலு கடை ஏறி இறங்கிப் பார்த்து எடுக்கலாம்.

அரூர்_ஒயரிங்:
சந்தைப் பேச்சு போதும். தம்பி, உங்கள் பதிலிலேயே விஷயம் இருக்கிறது. கடையில் கிடைக்கிற செட் கப்ளர்களில் மஞ்சள் வயர் நேராகப் பேட்டரிக்குப் போவது. கடிகாரமும் ரேடியோ ஸ்டேஷன்களும் நினைவில் இருக்க அது வேண்டும். சிவப்பு, சாவி திருப்பினால் மட்டும் கரண்ட் வர வேண்டியது. இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டால் செட் தூங்கவே தூங்காது. அரை ஆம்பியர் இழுத்தாலும் 35 ஏஹெச் பேட்டரி 70 மணி நேரத்தில் காலி. ஸ்டார்ட்டருக்கு வேண்டிய பலம் அதற்கு முன்பே போய்விடும். உங்கள் மூன்றாம் நாள் கணக்கு சரியாக வருகிறதா?

ஆனால் நான் சொன்னேன் என்று நேராக வயரை வெட்ட வேண்டாம், அளந்து பாருங்கள். மல்டிமீட்டரின் சிவப்புப் பின்னை 10 ஆம்பியர் துளையில் போடுங்கள். பேட்டரி நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் முனைக்கும் நடுவில் மீட்டரை வையுங்கள். கதவு எல்லாம் மூடி, சாவி வெளியே. இருபது நிமிஷம் பொறுங்கள். 0.05 ஆம்பியருக்குள் வந்தால் நல்லது. அதற்கு மேல் என்றால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள், எதை எடுக்கும்போது இறங்குகிறதோ அந்தப் பக்கம்தான் கசிவு. மீட்டர் இருக்கும்போது ஸ்டார்ட் மட்டும் செய்துவிடாதீர்கள், மீட்டர் ஃப்யூஸ் போய்விடும்.

ஊத்தங்கரை_கே10:
ரூஃப் லைட்டையும் பாருங்கள். நடுவில் இருக்கிற பட்டன் ‘டோர்’ பக்கம் இருந்து கதவு ஸ்விட்ச் ஒட்டாமல் போனால் விளக்கு ராத்திரி முழுக்க எரியும். அப்புறம், இவ்வளவு செய்தவர் பட்டன் வைத்த ஸ்டீயரிங்கும் போடலாமே? நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய_டீசல்:
மஞ்சள் வயரைத் தொடாதீர்கள்! உயிர் போகிற விஷயம்.

பாலக்கோடு_ஸ்விஃப்ட்:
ஐயா, ஒருவர் மஞ்சளைப் பாருங்கள் என்கிறார், நீங்கள் தொடாதீர்கள் என்கிறீர்கள். எதைக் கேட்பது?

அரூர்_ஒயரிங்:
இரண்டும் வேறு வேறு. அவர் சொல்வது ஸ்டீயரிங்குக்குக் கீழே மஞ்சள் உறை போட்டு வருகிற ஏர்பேக் வயரை. அதில் அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. பட்டன் ஸ்டீயரிங் மாற்ற நினைக்கிறவர்கள் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிச் சில நிமிஷம் பொறுக்காமல் அங்கே கை வைக்கவே கூடாது. உங்கள் மஞ்சள், செட்டுக்குப் பின்னால் இருக்கிற மெல்லிய வயர். உங்கள் வண்டியில் ஏர்பேக் இருக்கிறதா?

பாலக்கோடு_ஸ்விஃப்ட்:
இல்லை அண்ணா.

பழைய_டீசல்:
அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். பின்னால் படிக்கிற யாரோ வெட்டிவிடக் கூடாது என்றுதான் சொன்னேன்.

பாலக்கோடு_ஸ்விஃப்ட்:
வியாழன் ராத்திரி செட்டை வெளியே இழுத்துப் பார்த்தேன். சிவப்பும் மஞ்சளும் ஒன்றாக முறுக்கி, மேலே கறுப்பு டேப். வெயிலில் பசை இளகி விரலில் ஒட்டுகிற நிலையில் இருந்தது. மீட்டரில் 0.43. சிவப்பைப் பிரித்து, சாவி திருப்பினால் மட்டும் டெஸ்டர் எரிகிற வயரில் சேர்த்தேன். 0.03-க்கு இறங்கிவிட்டது. சேலம் போய் வந்துவிட்டோம். அம்மாவுக்கு அடுத்த மாதம் ஆபரேஷன். அரூர் அண்ணா, ரொம்ப நன்றி.

அரூர்_ஒயரிங்:
சந்தோஷம் தம்பி. அந்தக் கறுப்பு டேப்பை எடுத்துவிட்டுச் சாலிடர் வைத்து, ஸ்லீவ் போட்டுவிடுங்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊத்தங்கரை_கே10:
ஆர்ம்ரெஸ்ட் எந்த வருஷ மாடலுடையது? போல்ட் ஓட்டை அப்படியே பொருந்தியதா, துளை போட வேண்டியிருந்ததா?