வேகமாக எறியும் குவார்ட்டர்பேக், நழுவும் பந்து: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

கொலம்பஸ், ஓஹாயோ

எங்கள் பையன் ஹைஸ்கூல் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் ரிசீவர், அதாவது ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கிறவன். போன வருடம் வரை கைக்கு வந்த பந்தை அவன் விட்டுப் பார்த்ததே இல்லை. இந்த சீசனில் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்காகப் புதிதாக ஒருத்தன் வந்திருக்கிறான். வசந்த காலத்தில் பேஸ்பால் அணிக்குப் பந்து வீசும் பிட்சரும் அவன்தான். அவன் எறிந்தால் பந்து ‘உஸ்’ என்று வரும் சத்தம் கேலரியில் உட்கார்ந்திருக்கும் எனக்கே கேட்கிறது.

அவன் வந்ததிலிருந்து எங்கள் பையன் கையில் பந்து தங்குவதில்லை. பட்டுத் தெறிக்கிறது, நெஞ்சில் மோதி விழுகிறது. “கவனம் பத்தாது” என்கிறார் வீட்டுக்காரர். “கை விறைப்பாக இருக்கிறது” என்கிறார் கோச். ஆனால் கூட ஆடும் மற்ற ரிசீவர்களும் இதே மாதிரிதான் விடுகிறார்கள். அத்தனை பேருக்கும் ஒரே மாதத்திலா கவனம் போகும்?

ஆடியவர்கள், ஆடுகிறவர்கள், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மைதானம் மைதானமாக அலைகிறவர்கள், அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

அரோரா, கொலராடோ

சகோதரி, நான் 1990களில் டென்வருக்கு வந்தவன். அப்போது ஊரே, டென்வர் பிராங்கோஸ் அணியின் குவார்ட்டர்பேக் ஜான் எல்வே மேல் பைத்தியம் பிடித்துக் கிடந்தது. ஆபீஸில் என் பக்கத்து இருக்கைக்காரர் கல்லூரியில் ரிசீவராக ஆடியவர். ‘எல்வே கிராஸ்’ என்றால் என்ன என்று அவர்தான் எனக்குச் சொன்னார். ஃபுட்பால் நான்கு தோல் துண்டுகளைச் சேர்த்துத் தைத்தது. அந்த நான்கு தையலும் நுனியில் வந்து சேருமிடத்தில் ஒரு சிலுவைக் குறி உண்டாகும். எல்வே எறிந்த பந்தைக் கையில் பிடிக்காமல் மார்பில் வாங்கினால், அந்தச் சிலுவை தோலில் பதிந்துவிடுமாம். பிராங்கோஸ் ரிசீவர்கள் அதைச் சட்டையைத் தூக்கிக் காட்டிக்கொள்வார்கள் என்று சொல்லிச் சிரித்தார்.

நான் நம்பவில்லை. மதிய இடைவேளையில் பார்க்கிங் லாட்டில் என்னை நிற்க வைத்து, ஒரு பத்து யார்டு தள்ளி நின்று எறிந்தார். கையைத் தூக்கினேன். தூக்கி முடிக்கும் முன்பே பந்து விலாவில் வந்து இடித்துவிட்டது. அவருக்கு வயது நாற்பதுக்கு மேல், லேசாகத் தொப்பை வேறு.

அதில் எனக்குப் புரிந்தது இதுதான்: மார்பில் தடம் விழுகிறது என்றால் கை நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. கணக்குப் போட்டாலும் அதுதான் வருகிறது. மணிக்கு 60 மைல் என்பது வினாடிக்கு 88 அடி. பத்து யார்டு, அதாவது 30 அடியைக் கடக்க ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்குதான் ஆகும். கண் பார்த்து மூளை முடிவெடுத்துக் கை அசையத் தொடங்கவே ஏறக்குறைய 0.2 வினாடி போய்விடும். மிச்சம் இருப்பது 0.14 வினாடி. அதே பந்து 45 மைல் வேகத்தில் வந்தால் மிச்சம் 0.25 வினாடி. வேறுபாடு பத்தில் ஒரு பங்கு வினாடிதான், ஆனால் கையை விரித்து, கட்டைவிரல்களைச் சேர்த்து, பந்தின் நுனியைக் கண்ணால் பிடிப்பதெல்லாம் அதற்குள்தான் நடந்தாக வேண்டும்.

உங்கள் பையனின் குவார்ட்டர்பேக் பேஸ்பால்காரன் என்றீர்கள். எல்வேயும் அப்படித்தான். 1981இல் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது, அடுத்த கோடையில் அவர்களுடைய கீழ்நிலை அணியில் ஆடினார். 1987 ஜனவரியில் கிளீவ்லேண்டில் 98 யார்டு தாண்டி ஸ்கோரைச் சமன் செய்த ‘தி டிரைவ்’ ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். கடைசி ஐந்து யார்டுக்கு அவர் எறிந்தது தாழ்வாக, தோட்டா மாதிரிப் போகிறது. ரிசீவர் மார்க் ஜாக்சன் சறுக்கிக்கொண்டே போய் அதை எடுக்கிறார். எத்தனை தடவை பார்த்தாலும் அது எப்படிக் கையில் நின்றது என்று எனக்குப் புரிவதில்லை.

ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்

எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஃப்ளாக் ஃபுட்பால் (ஆளைச் சாய்க்காமல் இடுப்புத் துணியை உருவி ஆடுவது) குழுவில் பாதிப் பேர் சென்னையிலும் மதுரையிலும் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்கள். ஸ்லிப்பில் நின்று பழகிய ஒருத்தர் இருக்கிறார், அபாரமான ஃபீல்டர். அவர்தான் முதலில் அதிகம் விட்டார். கிரிக்கெட் பந்தை உள்ளங்கைக் குழியில் வாங்கி, மணிக்கட்டைப் பின்னுக்கு இழுப்போம். ஃபுட்பாலை உள்ளங்கையில் வாங்கினால் தெறித்து ஓடும். இரண்டு கட்டைவிரலும் இரண்டு சுட்டுவிரலும் சேர்ந்து முக்கோணம் மாதிரி நிற்க வேண்டும், பந்தின் மூக்கு அதற்குள் வர வேண்டும், விரல்கள்தான் கவ்வ வேண்டும். இடுப்புக்குக் கீழே வந்தால் தலைகீழ்: சுண்டுவிரல்கள் சேர வேண்டும். இடுப்பு உயரத்தில் வருவதுதான் சனியன், எந்தப் பக்கம் கையைத் திருப்புவது என்று யோசிப்பதற்குள் பந்து தரையில் கிடக்கும்.

பின்னுக்கு இழுக்கும் பழக்கம் மட்டும் இங்கேயும் உதவும். பந்தின் எடை சுமார் 400 கிராம். மணிக்கு 56 மைல் வேகத்தில் வருகிற அதைப் பத்து சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால் கை மேல் சராசரியாக 125 கிலோ எடைக்குச் சமமான விசை விழும். கையை நீட்டி முன்னாலேயே சந்தித்து முப்பது சென்டிமீட்டரில் நிறுத்தினால் அது 42 கிலோவாகிவிடும். கோச் “விறைப்பு” என்று சொன்னது இதைத்தான். ஆனால் கையை முன்னால் நீட்ட நேரம் வேண்டுமே, அந்த நேரத்தைத்தான் அந்தக் குவார்ட்டர்பேக் திருடிக்கொள்கிறான்.

இன்னொன்றைக் கவனித்துப் பாருங்கள். நேராக ஓடி எண்ட் ஸோன் (மைதானக் கோடியில் புள்ளி எடுக்கும் இடம்) பக்கம் பிடிக்கிற நீளமான பந்தை உங்கள் மகன் விடுகிறானா? அநேகமாக இருக்காது. ஓடுகிறவனும் பந்தும் ஒரே திசையில் போவதால் வேகம் கழிந்துவிடும், மேலே போய் வளைந்து இறங்குவதால் பார்க்கவும் நேரம் கிடைக்கும். அடி விழுவது ‘கர்ல்’, ‘ஸ்லாண்ட்’ மாதிரி குட்டை ரூட்டுகளில், அதாவது ரிசீவர் கொஞ்ச தூரமே ஓடும் பாதைகளில்தான். கர்லில் ரிசீவர் திரும்பி எறிகிறவனை நோக்கி வருவதால் அவனுடைய வேகமும் பந்தின் வேகத்தோடு கூடிவிடும். ஸ்லாண்டில் கோணலாக உள்பக்கம் வெட்டி ஓடித் தலையைத் திருப்பும்போதே பந்து மூக்குக்கு நேரே நிற்கும்.

அதற்காக மெதுவாக எறிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஊர்க்காரர்களிடம் டாலஸ் கௌபாய்ஸுக்கு ஆடிய ஜாக்கி ஸ்மித் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் பெருமூச்சு விடுவார்கள். 1979 ஜனவரி, 13ஆவது சூப்பர் பௌல், அதாவது சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதி ஆட்டம். டாலஸ் கௌபாய்ஸ் 14, பிட்ஸ்பர்க் 21. எண்ட் ஸோனில் ஸ்மித் தன்னந்தனியாக நிற்கிறார், சுற்றி ஒரு ஆள் இல்லை. இவ்வளவு சும்மா நிற்கிறாரே என்று குவார்ட்டர்பேக் ரோஜர் ஸ்டாபாக் வேகத்தைக் குறைத்து எறிந்தார். பந்து எதிர்பார்த்ததைவிடத் தாழ்ந்து வந்தது. ஸ்மித் நிறுத்திக் குனியப் பார்த்தார், கால் வழுக்கியது, பந்து விழுந்தது. டாலஸ் நான்கு புள்ளியில் தோற்றது. 15 வருடம் செயின்ட் லூயிஸில் ஆடிப் பேரெடுத்த மனிதர், 1994இல் ஹால் ஆஃப் ஃபேமுக்கும் போனார். ஆனால் ஊர் நினைவில் வைத்திருப்பது அந்த ஒரு பந்தைத்தான். வேகத்தைவிட, எதிர்பார்த்த வேகம் வராததுதான் கையைக் குழப்புகிறது என்பது என் கட்சி.

எடிசன், நியூ ஜெர்சி

நான் கை, விரல் காயங்களுக்குப் பயிற்சி தரும் தெரபிஸ்ட். செப்டம்பர் வந்துவிட்டால் வரிசையாக ரிசீவர் பையன்கள் வருவார்கள். ஒருத்தன் போன சீசனில் வந்தான், வலது மோதிரவிரலின் நுனி மூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. மேசை மேல் கையை வைத்து “நிமிர்த்து” என்றேன். மற்ற விரல்களெல்லாம் நிமிர்ந்தன, அந்த நுனி மட்டும் அசையவில்லை. பந்தின் மூக்கு விரல் நுனியில் நேராகக் குத்தினால் மேற்புறத் தசைநாண் அறுந்து இப்படி ஆகும். மேலட் ஃபிங்கர் என்பார்கள். வலி குறைவாக இருப்பதால் பையன்கள் டேப் சுற்றிக்கொண்டு வாரக்கணக்கில் ஆடுவார்கள். அது தப்பு. எக்ஸ்-ரே எடுத்து, நுனியை நேராக வைத்து ஆறிலிருந்து எட்டு வாரம் ஸ்ப்ளிண்ட் போட வேண்டும். நடுவில் ஒரே ஒரு தடவை மடங்கினாலும் முதலிலிருந்து எண்ண வேண்டும்.

அந்தப் பையன் குணமானான். ஆனால் மறுபடி ஆட வந்தபோது பந்து கையில் படுகிற கணத்தில் கண்ணை மூடிக்கொண்டான். அவனுக்கே அது தெரியவில்லை, அவன் அம்மா எடுத்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். ஒரு தடவை விரலில் குத்து வாங்கியவன் அடுத்த பந்துக்குக் கையை விரிக்காமல் மடக்கிக்கொள்வான், மடங்கிய விரலில்தான் மறுபடி குத்தும். கொலம்பஸ் அக்கா, பையனுடைய விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தச் சொல்லிப் பாருங்கள். வலியை வீட்டில் சொல்லாத வயசு அது.

ஆப்பிள்டன், விஸ்கான்சின்

கிரீன் பே எங்களுக்கு அரை மணி நேரம். கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் குவார்ட்டர்பேக்காக இருந்த பிரெட் ஃபாவ்ரின் பந்து விரலைப் பெயர்த்த கதை இங்கே முடிவெட்டுகிற கடையில்கூடக் கேட்கலாம். எவ்வளவு நிஜம், எவ்வளவு கூட்டிச் சொன்னது என்று பிரிக்க முடியாது. ஒன்று நிஜம்: 1992இல் பேக்கர்ஸுக்காக அவர் எறிந்து ‘பிடிக்கப்பட்ட’ முதல் பந்தைப் பிடித்தவர் அவரேதான். எதிராளி மேல் பட்டுத் திரும்பி அவர் கைக்கே வந்தது, ஏழு யார்டு நஷ்டம்.

நான் சொல்ல வந்தது குளிரைப் பற்றி. டிசம்பரில் “பந்து கல்லாகிவிட்டது” என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மையில் குளிரில் பந்தின் காற்றழுத்தம் குறையும். தொழில்முறை லீக்கான என்எஃப்எல் விதிப்படி 12.5 முதல் 13.5 பிஎஸ்ஐ வரை நிரப்ப வேண்டும். சூடான அறையில் அப்படி நிரப்பி 10 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வெளியே வைத்தால் ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ இறங்கிவிடும். பந்தில் காற்றைக் குறைத்ததாக 2015இல் பேட்ரியட்ஸ் அணியைப் பற்றி நடந்த அத்தனை ரகளையிலும் இந்தக் கணக்குதான் ஓடியது. அப்படியென்றால் ஏன் கல் மாதிரி இருக்கிறது? தோல் விறைக்கிறது, அதைவிட நம் விரல் மரத்துப்போகிறது. மரத்த விரலுக்குப் பந்து எங்கே பட்டது என்றே தெரியாது. எங்கள் பையனின் கோச் ஆட்டம் முழுக்க இடுப்பில் கட்டிய உறைக்குள் கையை வைத்திருக்கச் சொல்வார். பலன் இருக்கிறது.

சான் ஹோசே, கலிஃபோர்னியா

குட்டிக் கேள்வி: அந்தக் குவார்ட்டர்பேக் இடது கைக்காரனா? ஆமென்றால் பந்து எதிர்ப் பக்கமாகச் சுழலும், ரிசீவர் கண்ணுக்கு எல்லாமே மாறிவிடும். இங்கே 49எர்ஸ் அணியில் குவார்ட்டர்பேக் ஜோ மொன்டானா போய் இடது கை ஸ்டீவ் யங் வந்தபோது பேர்போன ரிசீவர் ஜெர்ரி ரைஸுக்கே அதைப் பழக வேண்டியிருந்தது. ரைஸின் அப்பா மிசிசிப்பியில் கொத்தனார். கோடையில் அண்ணன் தம்பிகள் தூக்கிப் போடும் செங்கல்லைப் பிடித்துப் பிடித்துத்தான் கை வந்தது என்பார்கள். அப்படிப்பட்டவரும் 1985இல் முதல் சீசனில் பந்தை விட்டு விட்டு ரசிகர்களிடம் திட்டு வாங்கியவர்தான். பையனிடம் சொல்லுங்கள்.

கொலம்பஸ், ஓஹாயோ

எல்லாருக்கும் நன்றி. வலது கைக்காரன்தான். விரல்களைப் பார்த்தேன், தெரபிஸ்ட் தங்கை, நிமிர்கின்றன; சுண்டுவிரலில் மட்டும் வீக்கம், டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். ஃப்ரிஸ்கோ அண்ணா சொன்ன மாதிரியே நீளமான பந்தையெல்லாம் பிடிக்கிறான், விடுவது முழுக்க ஸ்லாண்டில். பசை மாதிரி ஒட்டும் கிளவுஸ் வாங்கித் தரச் சொல்கிறான். தேவையா?

ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்

வாங்கிக் கொடுங்கள், ஒட்டத்தான் செய்யும். ஒரு காலத்தில் கையில் நிஜமாகவே பசை பூசிக்கொண்டு ஆடினார்கள், 1981இல் என்எஃப்எல் தடை செய்தது. ஆனால் கிளவுஸ் வேலை செய்வது பந்து விரலுக்கு வந்த பிறகு. முதலில் பந்தை எறியும் ஜக்ஸ் மெஷின் இருக்கிறதா என்று கோச்சிடம் கேளுங்கள். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பழகலாம். எங்கள் பயிற்சியாளர் கண்ணைத் திருப்பிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்பார். ‘பட்’ என்று கேட்டால் உள்ளங்கையில் வாங்கியிருக்கிறான், சத்தமே இல்லையென்றால் விரல்.

நோவை, மிச்சிகன்

எல்லாரும் பிடிக்கிறவன் பக்கமே பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் எறிகிறவன் இருக்கிறான், அதுவும் இதே ரகம். அவன் தரப்பையும் சொல்கிறேன்.

திமிரில் வேகமாக எறிகிறான் என்று மற்ற பெற்றோர் பேசுவது என் காதில் விழும். திமிர் இல்லை. இரண்டு தடுப்பாளர்களுக்கு நடுவே ஒரு சந்து திறக்கிறது, அரை வினாடியில் மூடிவிடும். மெதுவாக எறிந்து ஒரு தடவை இன்டர்செப்ஷன் ஆனால், அதாவது எதிரணி பந்தைப் பிடித்துவிட்டால், மொத்தப் பழியும் அவன் தலையில். வேகமாக எறிந்து ரிசீவர் விட்டால் பழி ரிசீவர் தலையில். பதினாறு வயதுப் பையன் எதைத் தேர்ந்தெடுப்பான் சொல்லுங்கள்.

ஆனால் சந்தே இல்லாத இடத்திலும், ஆறு யார்டு தள்ளிச் சும்மா நிற்கிறவனுக்கும் அதே வேகத்தில் எறிந்தால் அது எறிகிறவன் குற்றம், அதை வீட்டிலேயே சொல்லிவிட்டேன். பஃபலோ அணியின் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலனைத்தான் உதாரணம் காட்டினேன். 2018இல் கல்லூரி வீரர்களுக்கான சோதனையில் மணிக்கு 62 மைல் எறிந்தவர். அந்த வருடம் அவர் எறிந்ததில் 52.8 சதவீதம்தான் பிடிக்கப்பட்டது. 2020இல் 69.2. தோள் அதேதான். கால் வைப்பு மாறியது, ஸ்டெஃபான் டிக்ஸ் மாதிரி ஒரு ரிசீவர் வந்தார், எங்கே அடக்கி எறிய வேண்டும் என்றும் பிடிபட்டது.

எங்கள் கோச் செய்ததைச் சொல்கிறேன். இவனுக்கும் ரிசீவர்களுக்கும் பயிற்சிக்குப் பிறகு தனியாகக் கால் மணி நேரம் கொடுத்தார். ஐந்து யார்டில் தொடங்கி ஸ்லாண்ட் மட்டும். ரிசீவர் தலையைத் திருப்பிக் கண் தெரிந்த பிறகுதான் பந்து கையை விட்டுப் போக வேண்டும், முன்னால் போனால் பிடித்தாலும் செல்லாது. முதல் வாரம் இவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். இப்போது அந்த ரிசீவர்களில் ஒருத்தன் சனிக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்து தோசை சாப்பிடுகிறான், பின்கட்டில் இரண்டு பேரும் எறிந்துகொண்டிருக்கிறார்கள். உங்கள் கோச்சிடமும் கேட்டுப் பாருங்கள் சகோதரி, இரண்டு பையன்களையும் சேர்த்து அனுப்பச் சொல்லி.